கமலாபுரத்திலிருந்து பீளமேட்டுக்கு

கையில் கைபேசி வைத்திருக்கிற எல்லோருக்கும் பூகோளம் அத்துபடி என்று ஒரு நினைப்பு இருக்கிறது. எனக்கும் இருந்தது. ஒரு மாசி மாதத்துச் சாயங்காலம், அம்மாபேட்டையில் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது அது போயிற்று. போன விதத்தைச் சொல்லிவிடுகிறேன். சிரிக்கத் தோன்றினால் தாராளமாகச் சிரியுங்கள். உங்களில் ஒருவருக்காவது ஒரு மணி நேரம் மிச்சமானால் எனக்கு அது போதும்.

நாலு நாள் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். பெரியம்மாவின் வீடு எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. பெரியப்பா தறிக்காரர். முழங்கால் வலி வந்து தறிக்குழியில் இறங்குவதை நிறுத்திவிட்டார். ஆனாலும் கூடத்தில் தறி அப்படியே இருக்கிறது. அதைத் தினமும் துடைத்து வைப்பார். இவர்களுக்கு ஒரு மகன், ஒரு மகள். மகன் அமெரிக்காவில். மகளை வீட்டில் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவோம். பாப்பாவைக் கட்டிக் கொடுத்திருப்பது கோயமுத்தூரில். அப்போது அவளுக்கு எட்டாம் மாதம். ஒன்பதாம் மாதம் வளைகாப்பு முடித்து அம்மாபேட்டைக்கு அழைத்து வருவது என்று ஏற்பாடு. வளையல்கூட வாங்கியாகிவிட்டது.

மாலை நாலு மணிக்கு மாப்பிள்ளையின் போன் வந்தது.

"அத்தை, பயப்படாதீங்க. பாப்பாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கேனுங்க. ரத்த அழுத்தம் ஏறிப் போச்சு. ராத்திரிக்குள்ள ஆபரேஷன் பண்ணி எடுத்துடணும்னு டாக்டரம்மா சொல்றாங்க. அவ உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா."

பயப்படாதீர்கள் என்று ஆரம்பித்தால் எந்தத் தாய்தான் பயப்படாமல் இருப்பாள்? பெரியம்மா அடுப்பை அணைத்துவிட்டு, உடுத்தியிருந்த புடவையோடு செருப்பைத் தேடினார். "ஆறு மணி வாக்கில் ஜங்ஷனில் ஒரு ரயில் இருக்கிறது, இப்போதே கிளம்பினால் பிடித்துவிடலாம்" என்றார் பெரியப்பா. அந்த நேரம் பார்த்து அமெரிக்காவிலிருந்து தம்பியின் செய்தி வந்தது. அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். தங்கைக்கு இப்படி என்று கேட்டுப் பதறிப் போயிருக்கிறான், பாவம். அவன் அனுப்பிய செய்தி இதுதான்:

"ரயில் எதற்கு? சேலத்திலும் விமான நிலையம் இருக்கிறது, கோயமுத்தூரிலும் இருக்கிறது. நடுவில் 139 கிலோமீட்டர்தான். பறக்கும் நேரம் அரை மணி. அம்மாவைப் பிளேனில் அனுப்பு. பணம் நான் போடுகிறேன்."

கூடவே, அந்தத் தூரமும் நேரமும் பளிச்சென்று எழுதியிருந்த ஒரு பக்கத்தையும் படம் பிடித்து அனுப்பியிருந்தான். அரை மணி! பெரியம்மாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். "கண்ணு, நீ படிச்சவ. அந்த டிக்கெட்டைப் பார்த்துப் போட்டுக் குடு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

படித்தவள் பார்த்தேன். ஒரு மணி நேரம் பார்த்தேன். தேதியை மாற்றிப் பார்த்தேன், ஊரின் எழுத்துக்களை மாற்றிப் பார்த்தேன். சேலத்திலிருந்து கோயமுத்தூருக்கு நேராகப் போகும் விமானம் ஒன்றும் கண்ணில் படவில்லை. கடைசியில் ஒன்று கிடைத்தது. மறுநாள் சேலத்தில் ஏறிச் சென்னையில் இறங்க வேண்டும். அங்கே காத்திருந்து இன்னொரு விமானத்தில் கோயமுத்தூருக்குப் பறக்க வேண்டும். தலை நிமிர்ந்தபோது கூடத்துக் கடிகாரத்தில் ஐந்தே முக்கால். அம்மாபேட்டையிலிருந்து சூரமங்கலம் ஜங்ஷனுக்குப் போக, அந்திப் பொழுது நெரிசலில் முக்கால் மணி ஆகும். ஆறு மணி ரயில் போனது போனதுதான்.

இங்கே கதையைச் சற்று நிறுத்திவிட்டு அந்த 139 கிலோமீட்டரைக் கவனிப்போம். கணக்கில் தப்பில்லை. நான் பிறகு ஊர்களின் அட்ச ரேகை, தீர்க்க ரேகை எல்லாம் வைத்துக்கொண்டு போட்டுப் பார்த்தேன். கிட்டத்தட்ட அதே விடைதான் வந்தது. சேலம் விமான நிலையம் ஓமலூர் தாலுகா கமலாபுரத்தில் இருக்கிறது. கோயமுத்தூர் விமான நிலையம் அவினாசி சாலையில், பீளமேட்டில். பூமி உருண்டையின் மேல் இந்த இரண்டு புள்ளிகளுக்கும் நூல் பிடித்தால் ஏறக்குறைய 140 கிலோமீட்டர் வரும். அதை விமானத்தின் வேகத்தால் வகுத்து, ஏறி இறங்கச் சில நிமிஷம் கூட்டி, அரை மணி என்று போட்டுவிடுகிறார்கள். உலகத்திலுள்ள எந்த இரண்டு விமான நிலையங்களுக்கும் இப்படி எழுதலாம். அந்த வழியில் விமானம் போகிறதா என்ற கேள்வியை மட்டும் அந்தக் கணக்கு கேட்பதில்லை. நாமும் கேட்கத் தவறிவிடுகிறோம்.

விமானத்திலேதான் போவேன் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால் என்ன ஆகும்? கமலாபுரத்திலிருந்து சென்னை மீனம்பாக்கம் சுமார் 265 கிலோமீட்டர். மீனம்பாக்கத்திலிருந்து பீளமேடு சுமார் 400. ஆக, 140 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மகளைப் பார்க்க 650 கிலோமீட்டருக்கு மேல் பறக்க வேண்டும். வடகிழக்கே போய், பிறகு தென்மேற்கே திரும்பி, ஏறக்குறைய புறப்பட்ட ஊருக்குப் பக்கத்து வானத்திலேயே கடந்து போக வேண்டியதுதான்.

சரி, நேர் விமானமே ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்போதும் அரை மணியில் போய்விட முடியுமா? பெரியம்மா வீட்டு வாசற்படியிலிருந்து எண்ணுங்கள். அம்மாபேட்டை நகரத்தின் கிழக்கே இருக்கிறது. கமலாபுரம் வடமேற்கே இருபது கிலோமீட்டருக்குக் குறையாத தூரம். ஐந்து ரோட்டைக் கடந்து, ஓமலூர்ச் சாலை பிடித்துப் போய்ச் சேர முக்கால் மணி. புறப்படும் நேரத்துக்கு ஒரு மணிக்கு முன்னாலாவது அங்கே இருக்க வேண்டும். முதல் முறை போகிறவர்கள் ஒன்றரை மணி முன்னால் போனால்தான் நெஞ்சு அடித்துக்கொள்ளாது. பறப்பு, தரையில் ஊர்கிற நேரத்தையும் சேர்த்து முக்கால் மணி என்றே வைக்கலாம். இறங்கி, பெட்டி வாங்கி, டாக்ஸி பிடித்து, ஆஸ்பத்திரி வாசலுக்குப் போக இன்னொரு முக்கால் மணி. மூன்றேகால், மூன்றே முக்கால் மணிக்கு வந்துவிட்டதா? கோயமுத்தூர் தென்மேற்கே இருக்கிறது. நாம் முதல் முக்கால் மணி அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு போயிருக்கிறோம் என்பது வேறு விஷயம்.

ரயில் கணக்கு இப்படி: வீட்டிலிருந்து ஜங்ஷனுக்கு முக்கால் மணி. சென்னையிலிருந்து கோயமுத்தூருக்கு 2023 ஏப்ரலில் விட்ட வந்தே பாரத் ரயில் சேலத்திலிருந்து கோயமுத்தூரை இரண்டு, இரண்டரை மணியில் பிடித்துவிடுகிறது. மற்ற ரயில்கள் இதற்குக் கொஞ்சம் கூட எடுத்துக்கொள்ளும். கோயமுத்தூர் ஸ்டேஷனோ ஊருக்கு நடுவில். மொத்தத்தில் ஆகாயமும் தண்டவாளமும் சரிக்குச் சரி. டிக்கெட்டுக்குக் கொடுக்கிற பணம்தான் சரிக்குச் சரி இல்லை.

இந்தக் கணக்கை ஒரு தேசமே போட்டுப் பார்த்திருக்கிறது. பிரான்ஸில் 2023 மே மாதம் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. இரண்டரை மணிக்குள் ரயிலில் போகக்கூடிய ஊர்களுக்கு உள்நாட்டு விமானம் விடக்கூடாது என்பது அதன் சாரம். பாரிஸின் ஓர்லி நிலையத்திலிருந்து லியோன், நாந்த், போர்தோ ஆகிய ஊர்களுக்குப் போகும் விமானங்கள் அதில் அடிபட்டன. அவர்கள் புகையை நினைத்துச் செய்தார்கள். விமானம் மேலே ஏறுகிறபோதுதான் எண்ணெயை அதிகம் குடிக்கும். கொஞ்ச தூரப் பயணத்தில் ஏறுவதும் இறங்குவதுமாகவே பொழுது போய்விடுகிறது. நிதானமாகப் பறப்பதற்கு இடமே கிடையாது. இந்தக் காரணத்தால்தான் கம்பெனிக்காரர்களும் 140 கிலோமீட்டருக்கு விமானம் விட முன்வருவதில்லை.

அதற்காகக் குறுகிய பறப்பே கூடாதென்று அடித்துப் பேசிவிட முடியாது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகளில், வெஸ்ட்ரேக்கும் பாப்பா வெஸ்ட்ரேக்கும் நடுவே 1967 முதல் விமானம் போகிறது. (பாப்பா என்பது தீவின் பெயர்தான், எங்கள் பாப்பாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) தூரம் 2.7 கிலோமீட்டர்! ஏறி உட்கார்ந்து இரண்டு நிமிஷத்தில் இறங்க வேண்டியதுதான். உலகத்திலேயே மிகக் குறுகிய விமானப் பயணம் அது. நடுவே கடல் கிடக்கிறது. டாக்டரும் வாத்தியாரம்மாவும் போய்வர அதுதான் சுருக்கு வழி. நமக்குப் பக்கத்திலேயே திருச்சியையும் யாழ்ப்பாணத்துப் பலாலியையும் எடுத்துக்கொள்ளுங்கள். நேர்கோட்டில் 200 கிலோமீட்டர்கூடக் கிடையாது. யுத்தத்தால் பலாலிக்கு இந்தியாவோடு தொடர்பு அற்றுப் போயிருந்தது. 2019 அக்டோபரில் அது சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே சென்னையிலிருந்து விமானம் போயிற்று. 2025 மார்ச் கடைசியில் திருச்சியிலிருந்தும் தொடங்கினார்கள். அங்கே அக்காள் இங்கே தங்கை என்று பிரிந்து கிடந்த குடும்பங்களுக்கு அந்த ஒரு மணிப் பறப்பு எத்தனை பெரிய காரியம்! அங்கேயும் குறுக்கே கடல். சேலத்துக்கும் கோயமுத்தூருக்கும் நடுவிலோ காவிரி ஒன்றுதான்; அதன் மேலும் பாலம் இருக்கிறது.

அந்தப் பாலத்தின் மேல்தான் அன்று இரவு நாங்கள் போனோம். ரயில் தப்பிப் போனதும் பெரியப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தெருக்கோடியில் வாடகைக் கார் ஓட்டும் பையனை அழைத்து வந்தார். ஆறே கால் மணிக்குப் புறப்பட்டோம். கொண்டலாம்பட்டியைத் தாண்டி, கொச்சிக்குப் போகும் நெடுஞ்சாலையில் ஏறி ஓடினோம். முதலில் வந்த சுங்கச் சாவடிக்கு வைகுந்தம் என்று பெயர். அன்றைக்கு அந்தப் பெயர் பெரியம்மாவுக்குப் பிடிக்கவில்லை, "இது என்ன பேரு, வைக்கிறதுக்கு வேற பேரா இல்லை?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். சங்ககிரி மலை இருட்டில் கரும்பாறையாக நின்றது. பவானிப் பக்கம் காவிரியைக் கடக்கையில் பெரியம்மா கண்ணை மூடிக் கையைக் கூப்பினார். மடியில் ஒரு மஞ்சள் பை. அதற்குள்ளே, வளைகாப்புக்கு வாங்கிய வளையல்கள். எதற்காக எடுத்து வந்தார் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பெருந்துறைக்கு அருகில் போன் வந்தது. பாப்பாவை உள்ளே கூட்டிப் போகிறார்கள் என்றார் மாப்பிள்ளை. போனை அவள் காதில் வைத்தார். "அம்மா, எங்கே வந்திருக்கே?" என்று கேட்டாள். பெரியம்மா என்னைப் பார்த்தார். பெருந்துறை என்று சொன்னால் இன்னும் எவ்வளவு தூரம் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். "இதோ, வந்துட்டேன் சாமி, வாசல்லதான் இருக்கேன்" என்றார். அந்தக் குரல் நடுங்கவே இல்லை. போனைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் நடுங்கியது.

அவினாசியைக் கடந்து, பீளமேட்டு விமான நிலையத்துப் பக்கமாகவே கார் போயிற்று. ஒரு விமானம் விளக்குகளோடு தாழ்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் மூவரும் அதைப் பார்த்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்பதரை. பெண் குழந்தை பிறந்து அரை மணி ஆகியிருந்தது. எடை குறைவென்று குழந்தையைத் தனி அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். தாயும் சேயும் சுகம். ஆனால் உள்ளே போகிறபோது தாயின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு பெண் நினைத்தாளே, அது நடக்கவில்லை. அந்த ரயிலில் ஏறியிருந்தால் ஒன்பது மணிக்கு முன்னாலேயே அங்கே நின்றிருப்போம்.

நடு இரவில் ஆஸ்பத்திரி வாசலில் டீ குடிக்கும்போது என் வருத்தத்தைச் சொன்னேன். பெரியப்பா நிதானமாக டம்ளரை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"தறியில நாடா அங்கேயும் இங்கேயும் ஓடுறதைப் பார்த்துட்டு, இந்தப் புடவை இத்தனை நாள்ல முடிஞ்சுடும்பாங்க. பாவு ஓட்டினவன் யாரு, அச்சுப் பிணைச்சவன் யாரு, தார் சுத்தினவ யாருன்னு ஒருத்தரும் கேக்கறதில்லை. பிளேன்காரன் கணக்கும் நாடா ஓடுற கணக்குத்தான் கண்ணு."

"தார் சுத்தினவ நான்தான்" என்றார் பெரியம்மா. அன்று மாலை முதல் அவர் சிரித்தது அப்போதுதான்.

சேலம் விமான நிலையத்தை நான் குறை சொல்லுவதாக ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அது பட்ட பாடு எனக்குத் தெரியும். 1993ல் திறந்தார்கள். கொஞ்ச காலத்தில் விமானம் நின்றது. 2009ல் மறுபடி வந்தது, மறுபடி நின்றது. சின்ன ஊர்களுக்கும் விமானம் போக வேண்டும், ஒரு மணிப் பறப்புக்கு ஒரு பகுதி இடங்களுக்காவது 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று மத்திய சர்க்கார் கொண்டுவந்த 'உடான்' திட்டத்தில், 2018 மார்ச் 25ந் தேதி சென்னைக்கு விமானம் கிளம்பியது. 2021ல் அதுவும் போயிற்று. 2023 அக்டோபரில் பெங்களூர், கொச்சி, ஹைதராபாத், சென்னை என்று நாலு ஊர்களுக்குத் திரும்பத் தொடங்கினார்கள். எந்த ஊருக்கு என்றைக்கு விமானம் என்பது அடிக்கடி மாறுகிறது. ஆகவே கிளம்புமுன் அந்தந்த வாரம் விசாரித்துக்கொள்வதுதான் நல்லது. ஹைதராபாத்தில் மகனோ மகளோ வேலையாக இருக்கும் வீடுகளில் கேட்டுப் பாருங்கள், இந்த நிலையத்தின் அருமை தெரியும். 600 கிலோமீட்டர். ரயிலானால் ஓர் இரவும் மறுநாளில் ஒரு பகுதியும் போய்விடும். விமானமானால் வாசற்படிக் கணக்கிலும் அரை நாளுக்குள் முடிந்துவிடும். தூரம் கூடக் கூட, முன்னும் பின்னும் போகிற அந்த மூன்று மணி நேரம் சின்னதாகிக்கொண்டே வருகிறது.

இன்னொரு கணக்கையும் மறைக்கக் கூடாது. கமலாபுரத்து ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர். எழுபது பேர், எழுபத்தைந்து பேர் உட்காரும் விசிறி விமானங்களுக்குத்தான் அது போதும். பீளமேட்டில் கிட்டத்தட்ட 3,000 மீட்டர். பெரிய விமானங்கள் வந்து இறங்குகின்றன. சேலத்திலும் பாதையை நீட்ட வேண்டுமென்று கமலாபுரம், தும்பிப்பாடி, பொட்டியபுரம், சிக்கனம்பட்டி ஆகிய நாலு கிராமங்களில் சுமார் 570 ஏக்கர் நிலம் கேட்டார்கள். 2018ல் அந்த ஊர்க்காரர்கள் கூடாதென்று எதிர்த்து நின்றார்கள். ஓமலூர்ப் பக்கம் பூ விளைகிற பூமி. விடியுமுன் பூப்பறிக்கப் போகிற பெண்களுக்கு, வானத்தில் மிச்சமாகும் ஒரு மணியைவிடக் காலடியில் இருக்கும் ஒரு ஏக்கர் பெரிது. பெரிய விமானம் வந்தால் ஊர் வளரும் என்பவர்கள் சொல்லுவதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நிலத்தைக் கொடுக்கிறவர் ஒருவர், அதில் ஏறிப் பறக்கிறவர் வேறொருவர் என்கிறபோது, கொடுக்கிறவர் பேச்சைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

அமெரிக்காத் தம்பியிடம் விவரமெல்லாம் சொன்னேன். "நான் அனுப்பியது தப்பா?" என்று வருத்தத்தோடு கேட்டான். தப்பில்லை, 139 கிலோமீட்டர் சரிதான் என்றேன். அவன் இருக்கும் ஊரிலிருந்து அம்மாபேட்டைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டதற்கு, அதை மட்டும் அவன் பார்க்கவில்லை என்றான்.

குழந்தையை மூன்றாவது வாரம் வீட்டுக்கு அனுப்பினார்கள். போன மாதம் தொட்டில் போட்டார்கள். அந்த வளையல்கள் இப்போது பாப்பாவின் கையில் இருக்கின்றன. பெரியம்மா வீட்டுச் சமையலறையில், மளிகைக் கடைக் காலண்டருக்குப் பக்கத்தில், சேலத்திலிருந்து கோயமுத்தூர் போகிற ரயில்களின் நேரத்தையெல்லாம் ஒரு அட்டையில் எழுதி ஆணியில் மாட்டியிருக்கிறார். தொட்டில் போடுகிற அன்று ஒன்பது மணிக்கு மேல்தான் ரயில். பெரியம்மா ஏழு மணிக்கே ஜங்ஷனில் போய் உட்கார்ந்துகொண்டார். எட்டரை மணிக்கு மூச்சு வாங்க ஓடி வந்த என்னைப் பார்த்து, "ஏன் கண்ணு, இவ்வளவு லேட்டு?" என்றார்.